வளைந்து போகும் நரம்பும் இடம் மாறும் கண்ணும்

விலங்குகளின் உடலில் உள்ள குறைகளைப் பரிணாமத்துக்குச் சான்றாகக் காட்டும் பலர் பாதி வழியிலேயே நின்றுவிடுகிறார்கள். "இது மோசமான அமைப்பு, யாரும் யோசித்துச் செய்திருந்தால் இப்படி இருக்காது" என்பதோடு பேச்சு முடிந்துவிடுகிறது. அந்த அளவில் வாதம் பலவீனமானது. மோசம் என்று யார் அளப்பது? இன்று வேண்டாததாகத் தெரியும் ஓர் உறுப்புக்கு நாளை ஒரு வேலை கண்டுபிடிக்கப்பட்டால் வாதம் சரிந்துவிடும். குடல்வாலை வெறும் மிச்சம் என்றே நெடுநாள் சொல்லிவந்தார்கள். அதில் நிணநீர்த் திசு செறிந்திருப்பதும், நோய் எதிர்ப்பில் அதற்குப் பங்கு இருப்பதும் இன்று தெரியும்.

வலுவான வாதம் குறையின் வடிவத்தில் இருக்கிறது. அந்தக் குறை கருவில் எப்படி உண்டாகிறது, எந்தெந்த உறவினங்களில் அதே இடத்தில் அதே மாதிரி காணப்படுகிறது, வேறு பாதையில் வந்த உயிரினங்களில் ஏன் இல்லை என்று கேட்க வேண்டும். மூன்றுக்கும் விடை ஒன்றோடொன்று பொருந்தினால் அது சான்று. பொருந்தாவிட்டால் "ஏன் இப்படி இருக்கிறது" என்ற வியப்பு மட்டும்தான் மிஞ்சும். எனக்கு மிகவும் பிடித்த சில எடுத்துக்காட்டுகளை இந்தக் கண்ணோட்டத்தில் எழுதுகிறேன்.

குரல்வளைக்குப் போக நெஞ்சைச் சுற்றி

மூளையின் அடியிலிருந்து கிளம்பும் பத்தாவது நரம்பு வேகஸ். கழுத்து வழியே இறங்கி இதயம், நுரையீரல், இரைப்பை என்று போகிறது. வழியில் குரல்வளைக்கு இரண்டு கிளைகள் கொடுக்கிறது. மேல் குரல்வளை நரம்பு என்ற முதல் கிளை கழுத்தின் மேற்பகுதியிலேயே பிரிந்து, சில சென்டிமீட்டரில் குரல்வளையை அடைந்துவிடும். இரண்டாவது கிளையான மீள் குரல்வளை நரம்பு அப்படிச் செய்வதில்லை. அது வேகஸோடு சேர்ந்தே குரல்வளையைத் தாண்டி நெஞ்சுக்குள் போகிறது. இடப்பக்கம் பெருந்தமனியின் வளைவுக்கு அடியில் சுற்றிக்கொண்டு, மூச்சுக்குழாய்க்கும் உணவுக்குழாய்க்கும் நடுவிலுள்ள பள்ளத்தில் மறுபடி மேலேறுகிறது. வலப்பக்கம் அவ்வளவு கீழே இறங்காது. கைக்குப் போகும் சப்கிளேவியன் தமனியைச் சுற்றித் திரும்பிவிடும். மனிதரில் திரும்பி ஏறும் தூரம் இடப்பக்கம் ஏறத்தாழ 12 செ.மீ., வலப்பக்கம் அதில் பாதி.

குரல்நாண்களைத் திறந்து மூடும் தசைகளில் ஒன்றைத் தவிர மற்ற எல்லாவற்றையும் இயக்குவது இந்தச் சுற்றிவரும் நரம்புதான். பொ.ஆ. இரண்டாம் நூற்றாண்டில் ரோமில் கேலன் என்ற மருத்துவர் இதைப் பன்றிகளில் வெட்டிக் காட்டினார். நரம்பு அறுந்ததும் அலறிக்கொண்டிருந்த பன்றிக்குக் குரல் போய்விட்டது.

ஒட்டகச்சிவிங்கியிலும் பாதை இதேதான். அதன் குரல்வளை கழுத்தின் உச்சியில், தலைக்குக் கொஞ்சம் கீழே இருக்கிறது. அங்கே போக வேண்டிய இடது நரம்பு கழுத்து முழுக்க இறங்கி, நெஞ்சில் பெருந்தமனியைச் சுற்றி, கழுத்து முழுக்க ஏறுகிறது. மொத்த நீளம் 4 மீட்டரைத் தாண்டும். அதன் குட்டைக்கழுத்து உறவான ஒகாபியிலும் அதே சுற்று, நீளம் மட்டும் குறைவு. பறவைகளுக்கும் முதலைகளுக்கும் இந்தச் சுற்று உண்டு. ஆகவே அவற்றோடு ஒரே கிளையைச் சேர்ந்த டைனோசர்களுக்கும் இருந்திருக்க வேண்டும். நரம்பு புதைபடிவமாகாது, ஆனாலும் இந்த முடிவுக்கு வர உறவுமுறை போதும். மேத்யூ வெடல் என்ற தொல்லுயிரியலாளர் 2012இல் நீள்கழுத்து டைனோசரான சூப்பர்சாரஸுக்குக் கணக்குப் போட்டபோது, இந்த நரம்பு 28 மீட்டர் அளவுக்கு நீண்டிருக்கும் என்று வந்தது.

காரணம் மீனில் இருக்கிறது. மீனுக்குக் கழுத்து கிடையாது. இதயம் செவுள்களை ஒட்டி இருக்கும். இதயத்திலிருந்து வரும் இரத்தம் ஒவ்வொரு செவுள் வளைவுக்கும் ஒரு தமனி வழியாகப் போகும். வேகஸின் கிளைகளும் வளைவுக்கு ஒன்றாக, அந்தந்தத் தமனியின் பின்னால் நேராக இறங்கும். அங்கே எந்தச் சுற்றும் இல்லை. எல்லாமே குறுக்கு வழி.

நம் கருவிலும் நான்காவது வாரத்தில் இதே வளைவுகள் வரிசையாகத் தோன்றுகின்றன. குரல்வளை நான்காவது, ஆறாவது வளைவுகளின் திசுவிலிருந்து உண்டாகிறது. நான்காவதின் நரம்பு மேல் குரல்வளை நரம்பாகிறது. ஆறாவதின் நரம்பு ஆறாவது தமனிக்குப் பின்னால் கிடக்கிறது. பிறகு கழுத்து நீள, இதயம் தலையடியிலிருந்து நெஞ்சுக்கு இறங்குகிறது. தமனி தன் பின்னால் மாட்டிய நரம்பை, கிணற்றில் வாளி கயிற்றை இழுப்பதுபோல் கூடவே இழுத்துக்கொண்டு போகிறது.

இடப்பக்கத்துக்கும் வலப்பக்கத்துக்கும் உள்ள வேறுபாடும் இங்கேயே விளங்கிவிடும். இடது ஆறாவது தமனி அழியாமல் நிற்கிறது. கரு தாயின் வயிற்றில் இருக்கும்போது நுரையீரல் தமனியையும் பெருந்தமனியையும் இணைக்கும் நாளம் அதுதான். பிறந்த ஓரிரு நாளில் அது மூடிக்கொண்டு, பின்பு வெறும் நாராக மாறுகிறது. இடது நரம்பு இன்றும் அந்த நாரை ஒட்டித்தான் சுற்றுகிறது. வலப்பக்கம் ஆறாவது தமனியின் அந்தப் பகுதி மறைந்துவிடுகிறது, ஐந்தாவதும் இல்லை. எனவே நரம்பு வழுக்கி மேலே போய் நான்காவது தமனியில், அதாவது சப்கிளேவியனில் மாட்டிக்கொள்கிறது. இரு பக்கமும் வெவ்வேறு உயரத்தில் திரும்புவதற்கு இதைவிடப் பொருத்தமான விளக்கம் வேறு கிடையாது.

ஒரு மறுப்பு அடிக்கடி வரும்: மீள் நரம்பு போகிற வழியில் இதயம், மூச்சுக்குழாய், உணவுக்குழாய்க்கு இழைகள் தருகிறதே, அதற்காக இறங்கியிருக்கலாமே என்பது. வேகஸ் ஏற்கெனவே அதே இடங்களுக்குப் போய்க்கொண்டிருக்கிறது. அந்த இழைகளை அதுவே கொடுத்துவிடலாம். இதற்கு மேலான விடையை இயற்கையே தருகிறது. நூறு பேரில் ஒருவருக்கும் குறைவாக, கருவில் வலது நான்காவது தமனி அழிந்துபோகிறது. அவர்களுக்கு வலது சப்கிளேவியன் தமனி பெருந்தமனி வளைவின் கடைசிக் கிளையாகக் கிளம்பி, உணவுக்குழாயின் பின்னால் சுற்றி வரும். நரம்புக்கு மாட்டிக்கொள்ளத் தமனி இல்லை. அது கழுத்திலேயே வேகஸிலிருந்து பிரிந்து நேராகக் குரல்வளைக்குப் போய்விடுகிறது. அவர்கள் இயல்பாகப் பேசுகிறார்கள், பாடுகிறார்கள், விழுங்குகிறார்கள். நேர்வழி வேலை செய்யும் என்பதற்கும், வளைவுக்குக் காரணம் தமனிதான் என்பதற்கும் இந்த ஒரே அமைப்பு சாட்சி.

தைராய்டு அறுவை செய்பவர்களுக்கு இது உயிர்நாடியான செய்தி. நரம்பைக் கீழிருந்து மேலாகப் பள்ளத்தில் தேடுவது வழக்கம். அங்கே காணவில்லையென்றால், கழுத்தில் குறுக்காக ஓடும் வெண்ணிற இழை எதையும் தைராய்டுக்குப் போகும் தமனி என்று எண்ணிக் கட்டிவிடக் கூடாது. அது நேர்வழி நரம்பாக இருக்கலாம். ஒரு பக்க நரம்பு அறுந்தால் குரல் கம்மும். இரு பக்கமும் போனால் குரல்நாண்கள் திறக்க முடியாமல் மூச்சே அடைக்கும்.

நீண்ட வழி என்றால் அடிபடும் இடமும் அதிகம். இடது நுரையீரலின் மேற்பகுதிக் கட்டி, பெருந்தமனி வீக்கம், இதயத்தின் இடது மேலறை பெருத்தல் ஆகியவை குரல் கம்மலாக வெளிப்படுவது இதனால்தான். கடைசியாகச் சொன்னதை நார்பெர்ட் ஆர்ட்னர் என்ற மருத்துவர் 1897இல் விவரித்தார். மூன்று வாரத்துக்கு மேல் குரல் கம்மியிருந்தால் தொண்டையோடு நெஞ்சையும் பரிசோதிக்கச் சொல்வதில் இந்த உடற்கூறும் ஒரு காரணம். குதிரைகளிலும் இந்தக் குறைக்கு விலை உண்டு. உயரமான குதிரைகளில் இடது நரம்பு நலிந்து, குரல்வளையின் இடப்பக்கம் சரியாகத் திறக்காமல், ஓடும்போது மூச்சு உறுமலாக வரும். பெரும்பாலும் இடப்பக்கமே பாதிக்கப்படும். நீளமான நரம்பு அதுதான்.

இயற்கைத் தேர்வு ஏன் இதைத் திருத்தவில்லை? கழுத்து ஒரு மில்லிமீட்டர் நீள நரம்பும் இரண்டு மில்லிமீட்டர் நீண்டால் போதும், அதற்கான செலவு மிகக் குறைவு. நரம்பைத் தமனிக்கு முன்னால் கொண்டுவரவோ கருவின் ஆரம்ப அடுக்கையே கலைக்க வேண்டும். அங்கே கை வைத்தால் இதயத்திலிருந்து கிளம்பும் பெரிய நாளங்கள் எல்லாமே ஆட்டம் காணும். மேலே சொன்ன நேர்வழி நரம்புகூடத் தமனி கோளாறின் பின்விளைவாகத்தான் வருகிறது, அந்தத் தமனி சிலருக்கு உணவுக்குழாயை அழுத்தி விழுங்கச் சிரமம் தருகிறது. ஒவ்வொரு சிறு படியும் அந்த நேரத்துக்குப் பாதகமில்லாததாக இருக்க வேண்டும் என்பதுதான் தேர்வுக்குள்ள ஒரே நிபந்தனை. மொத்தமாகக் கழற்றி மாட்டும் வசதி அதற்குக் கிடையாது.

கண்ணால் பார்க்க ஆசையுள்ளவர்களுக்கு ஆடு போதும். கறிக்கடையில் குரல்வளை, மூச்சுக்குழாய், நுரையீரல், இதயம் நான்கையும் வெட்டாமல் ஒரே தொகுதியாகக் கேளுங்கள். இதயத்தின் மேலுள்ள பெருந்தமனி வளைவு அறுபடாமல் இருக்க வேண்டும். பெரும்பாலும் இங்கேதான் கெட்டுப்போகும், ஏனென்றால் இதயத்தைத் தனியே எடுக்கும் கத்தி முதலில் விழும் இடம் அது. தட்டில் இடப்பக்கம் மேலே தெரியும்படி வையுங்கள். நுரையீரல் தமனிக்கும் பெருந்தமனிக்கும் நடுவில் குட்டையான கெட்டி நார் ஒன்று விரலில் தட்டுப்படும். அதை ஒட்டிய கொழுப்பைக் கத்தியால் வெட்டாமல் மழுங்கிய இடுக்கியால் பிரித்தால் வெள்ளை இழை ஒன்று அடியில் வளைவது தெரியும். அதையே பிடித்துக்கொண்டு மூச்சுக்குழாயின் ஓரமாக மேலே போனால் குரல்வளையில் முடியும். இரத்தக்குழாய் அழுத்தினால் தட்டையாகும், நரம்பு உருண்டையாகவே நிற்கும், இழுத்தால் எளிதில் அறுகாது.

சிறுநீரகத்தருகே பிறந்து கீழே இறங்கியவை

ஆண்களின் விரைகளும் நெடுந்தூரம் பயணித்தவையே. கருவில் அவை சிறுநீரகத்தை ஒட்டி, வயிற்றின் பின்சுவரில் தோன்றுகின்றன. மீனுக்கும் பறவைக்கும் அவை கடைசிவரை வயிற்றுக்குள்ளேயே தங்கிவிடும். நமக்கோ பிறப்பதற்குச் சில வாரங்களுக்கு முன் இடுப்புச் சுவரைத் துளைத்துக்கொண்டு விரைப்பைக்குள் இறங்குகின்றன. துளைத்த வழி முழுதும் மூடாவிட்டால் குழந்தைக்குக் குடலிறக்கமோ விரைவீக்கமோ வரும். மூடினாலும் அந்த இடம் பலவீனமாகவே இருக்கிறது. முதியவர்கள் இருமினாலோ பாரம் தூக்கினாலோ குடல் பிதுங்குவது அங்கேதான். நிறைமாதத்தில் பிறக்கும் ஆண் குழந்தைகளில் நூற்றுக்கு மூன்று பேர் அளவில் ஒரு விரையாவது இறங்காமல் நிற்கிறது. ஆறு மாதத்துக்குள் தானாக இறங்காவிட்டால், 18 மாதத்துக்குள் அறுவை செய்து இறக்கிவிடுவது இன்றைய நடைமுறை.

பிறந்த இடத்தின் தொடர்பு எல்லாவற்றிலும் ஒட்டியிருக்கிறது. விரைக்கு இரத்தம் பக்கத்துத் தொடையிலிருந்து வருவதில்லை, சிறுநீரகத்தின் உயரத்தில் பெருந்தமனியிலிருந்து கிளம்பி நீளமாக இறங்கி வருகிறது. இடது விரையின் சிரை நேரே சிறுநீரகச் சிரையில் போய்ச் செங்குத்தாகச் சேர்கிறது. அதனால் இரத்தம் தேங்கிச் சிரைகள் புடைப்பது பெரும்பாலும் இடப்பக்கம். சிறுநீரகக் கல்லின் வலி விரைக்குப் பரவுவதும், விரைப் புற்று முதலில் தொடை இடுக்கு நிணக்கணுக்களுக்குப் போகாமல் வயிற்றின் பின்பக்கக் கணுக்களுக்குப் போவதும் இதே காரணத்தால். அதனால் மருத்துவர் தொடை இடுக்கைத் தொட்டுப் பார்த்ததோடு நிற்காமல் வயிற்றை ஸ்கேன் செய்யச் சொல்கிறார். விந்தைக் கொண்டுபோகும் குழாயும் விரையிலிருந்து நேராகப் பக்கத்தில் உள்ள சிறுநீர்த் தாரைக்குப் போவதில்லை. இடுப்புக்குள் ஏறி, சிறுநீர்க்குழாயின் மேலாக வளைந்து தாண்டித்தான் திரும்பி வருகிறது.

விந்தணு உருவாக உடல் வெப்பம் அதிகம், குளிர்ச்சிக்காகத்தான் வெளியே வந்தது என்பார்கள். நம் உடலில் உள்ள விரைகளுக்கு அது சரிதான், இரண்டு மூன்று டிகிரி குறைவாக இருந்தால்தான் அவை நன்கு வேலை செய்கின்றன. ஆனால் பொது விதி கிடையாது. சேவலின் உடல் வெப்பம் ஏறத்தாழ 41 டிகிரி, விரைகள் சிறுநீரகத்தின் பக்கத்திலேயே இருக்கின்றன. யானையைப் பாருங்கள், விரை வெளியே தெரியாது. அதன் பெரும் உறவுக் கூட்டத்தில் சேர்ந்த கடற்பசு, மடகாஸ்கரின் சிறு பாலூட்டியான டென்ரெக் முதலியவற்றுக்கும் உள்ளேதான். அப்படியானால் அந்தக் கூட்டத்தின் மூதாதைக்கு விரை இறங்கியதே இல்லையா, இறங்கிப் பிறகு நின்றதா? 2018இல் வெளியான ஓர் ஆய்வு இதற்கு விடை தந்தது. கடற்பசு, டென்ரெக் உட்பட நான்கு இனங்களில், விரையை இறக்கும் நாரை வளர்க்கத் தேவையான இரண்டு மரபணுக்களின் சிதைந்த மிச்சங்கள் இருக்கின்றன. ஒரு காலத்தில் இறங்கிக்கொண்டிருந்தால்தான் அந்த மரபணுக்கள் அங்கே கிடக்கக் காரணம் உண்டு.

டால்பின் இன்னொரு படி மேலே. நிலத்து மூதாதையிடமிருந்து குளிர்ச்சி தேவைப்படும் விரையைப் பெற்று, நீரில் வழுக்கி ஓட அதை உள்ளே இழுத்துக்கொண்டது. உள்ளே சூடான தசைகளுக்கு நடுவே அகப்பட்ட விரையைக் குளிர்விக்க, முதுகுத் துடுப்பிலும் வால் துடுப்பிலும் குளிர்ந்த இரத்தத்தை விரைக்குப் போகும் தமனிகளின் இடையே ஓட்டும் நாள வலை உருவாகியிருக்கிறது. வெப்பத்தைத் தாங்கும் விரை இருந்தால் இந்த வலையே தேவைப்பட்டிருக்காது.

விழித்திரை: கவனமாகச் சொல்ல வேண்டியது

முதுகெலும்பிகளின் விழித்திரை தலைகீழாக அமைந்தது. ஒளியை உணரும் செல்கள் பின்னால், அவற்றின் செய்தியைக் கொண்டுபோகும் நரம்பிழைகள் முன்னால். ஏறத்தாழ பத்து லட்சம் இழைகள் விழித்திரையின் முன்பக்கமாக ஓடி, ஓரிடத்தில் திரையைத் துளைத்து வெளியேற வேண்டும். அந்த இடத்தில் ஒளியுணரிகள் இல்லை. அதுதான் குருட்டுப் புள்ளி.

சோதித்துப் பார்ப்பது எளிது. வெள்ளைத் தாளில் இடப்பக்கம் ஒரு கூட்டல் குறி, அதிலிருந்து வலப்பக்கம் 8 செ.மீ. தள்ளி ஒரு சென்டிமீட்டர் அகலத்தில் கறுப்புப் புள்ளி. இடக்கண்ணை மூடி, வலக்கண்ணால் கூட்டல் குறியையே பார்த்துக்கொண்டு, தாளைக் கை நீளத்திலிருந்து மெல்ல அருகே கொண்டுவாருங்கள். கண்ணிலிருந்து ஏறத்தாழ 30 செ.மீ. தூரத்தில் புள்ளி காணாமல் போகும். போகவில்லையென்றால் பார்வை கூட்டல் குறியிலிருந்து நழுவியிருக்கும், அல்லது தாள் சாய்ந்திருக்கும்.

ஆக்டோபஸ், கணவாய் ஆகியவற்றின் கண்ணும் நம்முடையதுபோலவே லென்சும் கருமணியும் கொண்ட கேமராக் கண். ஆனால் அவற்றின் ஒளியுணரிகள் முன்னால் பார்க்கின்றன, இழைகள் பின்னால் போகின்றன, குருட்டுப் புள்ளி இல்லை. இங்கேயும் விடை கருவில்தான். நம் விழித்திரை மூளையிலிருந்து பிதுங்கி வந்து கிண்ணமாக மடிந்த பகுதி. மூளைக்குழாயின் உட்புறமாக இருந்த பக்கத்தில் ஒளியுணரிகள் தோன்றுவதால், மடிந்த பின் அவை வெளிச்சத்துக்கு முதுகைக் காட்டி நிற்கின்றன. கணவாயின் விழித்திரை தோல் உள்மடிந்து உண்டானது, ஆகவே திசை நேராக அமைந்தது. சுறா, தவளை, ஆந்தை, மனிதர் என்று முதுகெலும்பி எதை எடுத்தாலும் தலைகீழ். கணவாய்க் கூட்டத்தில் எதுவும் தலைகீழ் இல்லை. கழுகுக்கு நம்மைவிடக் கூர்மையான பார்வை தேவைப்பட்டும் அது திசையை மாற்றிக்கொள்ளவில்லை.

ஆனால் "தலைகீழ், ஆகவே கேடு" என்று சொன்னால் நான் ஒப்ப மாட்டேன். ஒளியுணரிகள் பின்னால் இருப்பதால் அவை நிறமிப் படலத்தில் பதிந்து, தேய்ந்த பகுதிகளை உடனுக்குடன் அங்கே கழிக்க முடிகிறது. அடர்ந்த இரத்த ஓட்டமும் பக்கத்திலேயே கிடைக்கிறது. விழித்திரையில் உள்ள முல்லர் செல்கள் ஒளியை இழைகளினூடே பின்னால் கடத்துகின்றன என்று 2007இல் காட்டினார்கள். கூர்மையாகப் பார்க்கும் நடுக்குழியில் முன் அடுக்குகள் ஒதுங்கிக்கொள்கின்றன. கிடைத்த அமைப்பைத் தேர்வு எவ்வளவு தூரம் மெருகேற்றியிருக்கிறது என்பதே இவையெல்லாம் காட்டுவது. பார்வை நன்றாக இருக்கிறது, தலைகீழ்த் திசையும் அப்படியே இருக்கிறது. கிண்ணம் மடிந்தபோது இரு அடுக்குகளுக்கு நடுவே இருந்த பழைய இடைவெளி முழுதாக ஒட்டாததால்தான் விழித்திரை பிரிந்துவரும் நோயும் சரியாக அந்த இடத்திலேயே பிரிகிறது. கண்ணெதிரே திடீரென்று மின்னலும், மிதக்கும் புள்ளிகளின் கூட்டமும், ஓரத்தில் திரை விழுந்ததுபோல் நிழலும் தெரிந்தால் அன்றே கண் மருத்துவரிடம் போக வேண்டும்.

உடைந்த அதே இடம்

பெரும்பாலான பாலூட்டிகள் வைட்டமின் சியைக் கல்லீரலில் தாமே செய்துகொள்ளும். ஆடு, நாய், முயல், எலி எதற்கும் எலுமிச்சை தேவையில்லை. நமக்குத் தேவை. ஒன்றிரண்டு மாதம் முழுதுமாகக் கிடைக்காவிட்டால் ஈறு வீங்கி இரத்தம் கசியும். தயாரிப்பின் கடைசிப் படியைச் செய்யும் குலோனோலாக்டோன் ஆக்சிடேஸ் என்ற நொதி நமக்கு இல்லை. முந்தைய படிகளுக்கான நொதிகள் எல்லாம் இருக்கின்றன. அந்தக் கடைசி நொதியின் மரபணுவும் எட்டாம் குரோமோசோமில் சிதைந்து கிடக்கிறது.

மனிதர், சிம்பன்சி, ஒராங்குட்டான், மகாக் குரங்கு நான்கின் மரபணுவையும் ஜப்பானிய ஆய்வாளர்கள் 1999இல் ஒப்பிட்டபோது, ஒரே இடத்தில் டி.என்.ஏ. வரிசையின் ஒரே எழுத்து விடுபட்டிருந்தது. தேவாங்கும் லெமூரும் சேர்ந்த கிளையில் நொதி இன்னும் வேலை செய்கிறது. நம் ஊர்க் குரங்குக்குப் பழம் கட்டாயம், கடவூர் மலைக்காட்டுத் தேவாங்கின் கிளைக்கு அப்படியில்லை. கினிப் பன்றிக்கும் இந்த மரபணு போய்விட்டது, ஆனால் அது தனியாக, வேறு விதமாகச் சிதைந்தது. ஒரே வேலை இரண்டு கிளைகளில் தனித்தனியே நின்றுபோயிருந்தால் சிதைவு வெவ்வேறு மாதிரி இருக்க வேண்டும், ஒரு மூதாதையில் நின்றுபோயிருந்தால் வாரிசுகளில் ஒரே மாதிரி இருக்க வேண்டும். இரண்டையும் ஒரே மரபணுவில் காண முடிகிறது.

கினிப் பன்றி வளர்ப்பவர்கள் முயல் தீவனத்தைப் போட்டு ஏமாறுவது இங்கேதான். முயல் தானே தயாரிப்பதால் அந்தத் தீவனத்தில் வைட்டமின் சி சேர்ப்பதில்லை. சில வாரத்தில் கினிப் பன்றி நடக்க மறுக்கும், மூட்டு வீங்கும். அதற்கென்றே செய்த தீவனம் என்றாலும் தயாரித்த தேதியைப் பாருங்கள், மூன்று மாதத்தில் வைட்டமின் பெரும்பகுதி வீணாகிவிடும். குடைமிளகாய், கொத்தமல்லித்தழை போன்ற பச்சையைத் தினமும் கொடுப்பது பாதுகாப்பு.

ஒருக்களித்துப் படுத்த மீன்

கடைசியாக, நம் கடற்கரைச் சந்தையிலேயே பார்க்கக் கிடைப்பது. திருக்கையும் நாக்கு மீனும் கடல் தரையில் தட்டையாகக் கிடப்பவை. திருக்கை வயிற்றில் படுத்திருக்கிறது. இரு கண்ணும் மேலே, வாயும் செவுள் பிளவுகளும் கீழே, இடமும் வலமும் ஒத்திருக்கும். வாய் மணலில் இருப்பதால் கண்ணுக்குப் பின்னாலுள்ள துளை வழியாக நீரை இழுத்துக்கொள்கிறது. நாக்கு மீனோ பக்கவாட்டில் படுத்திருக்கிறது. அப்படிப் படுத்தால் ஒரு கண் மணலுக்குள் போய்விடும். ஆகவே அந்தக் கண் தலையைச் சுற்றி மறுபக்கம் வந்துவிடுகிறது. மண்டை ஓடு கோணி, வாய் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு, அடிப்பக்கம் வெளுத்து இருக்கும்.

திருக்கை சுறாக்களின் உறவு. நாக்கு மீனின் மூதாதையோ வாவலைப்போலப் பக்கவாட்டில் ஒடுங்கிய, உயரமான உடல்கொண்ட எலும்பு மீன். ஒடுங்கிய உடலைத் தரையில் கிடத்த ஒருக்களிப்பதே சுலபம். குஞ்சுகள் பொரிக்கும்போது பக்கத்துக்கு ஒரு கண்ணோடு நிமிர்ந்து நீந்துகின்றன. சில வாரங்களில் ஒரு கண் நகரத் தொடங்குகிறது. இதை நடத்துவது தைராய்டு ஹார்மோன், அதைத் தடுத்தால் உருமாற்றம் நின்றுவிடும். ஹாலிபட் என்ற தட்டை மீனை வளர்க்கும் குஞ்சுப் பண்ணைகளில் தீவனம் சரியில்லாதபோது கண் பாதி வழியில் நின்ற மீன்களும், நிறம் மாறிய மீன்களும் வருவது தீராத தலைவலி. விலை போகாது.

டார்வினை எதிர்த்த செயின்ட் ஜார்ஜ் மிவர்ட் 1871இல் இந்த மீனைத்தான் முன்வைத்தார். பாதி தூரம் நகர்ந்த கண்ணால் என்ன பயன், அது இன்னும் மணலுக்குள்தானே இருக்கும் என்று கேட்டார். நல்ல கேள்வி. டார்வின் 1872இல் தன் 'உயிரினங்களின் தோற்றம்' நூலின் ஆறாம் பதிப்பில் விடை சொல்ல முயன்றார், கையில் புதைபடிவம் இல்லை. 2008இல் மேட் ஃப்ரீட்மன், இத்தாலியின் மான்டே போல்கா பாறைகளில் கிடைத்த, ஏறத்தாழ 5 கோடி ஆண்டுப் பழமையான ஆம்ஃபிஸ்டியம், ஹெட்டரோநெக்டஸ் என்ற மீன்களை ஆராய்ந்து வெளியிட்டார். வளர்ந்த மீனிலேயே ஒரு கண் மேலே ஏறி, நடுக்கோட்டைத் தாண்டாமல் நிற்கிறது.

உயிரோடிருப்பவற்றில் அந்த நிலைக்கு மிக நெருங்கியது எருமைநாக்கு. சந்தையில் அதையும் சாதாரண நாக்கு மீனையும் ஒன்றாக வாங்கி அருகருகே வைத்துப் பாருங்கள். நாக்கு மீனில் இரு கண்ணும் முழுதாக ஒரே பக்கம், அநேகமாக இடப்பக்கம், நெருங்கி இருக்கும், முதுகுத் துடுப்பு தலையின் முன்நுனிவரை வந்துவிடும். எருமைநாக்கில் நகர்ந்த கண் தலையின் விளிம்பிலேயே, இரு பக்கத்திலிருந்தும் தெரியும்படி இருக்கும். முதுகுத் துடுப்பு கண்ணுக்குப் பின்னால்தான் தொடங்கும். வாய் பெரிது, பற்கள் கூர்மை, மற்ற தட்டை மீன்களைவிட அடிக்கடி நிமிர்ந்து நீந்தும். கூடையில் இருப்பவற்றைப் புரட்டிப் பார்த்தால் சிலவற்றுக்குக் கண் இடப்பக்கம், சிலவற்றுக்கு வலப்பக்கம், ஏறக்குறையச் சரிபாதியாக இருக்கும். எந்தப் பக்கம் படுப்பது என்பது இந்த இனத்தில் இன்னும் நிலைபெறவில்லை.